காற்று கம்மியான நாளில் எந்த அளவு பாய்?

காசிமேட்டுப் படகுகளில் கட்டியிருக்கும் கொடி லேசாகத் தலையாட்டுகிறது. கடல் பெரிதாகச் சுருக்கமில்லாமல் கிடக்கிறது. காற்று 6 அல்லது 7 நாட் இருக்கும். மணலில் இரண்டு பாய்கள்: ஒன்று 5.5, இன்னொன்று 7.5 சதுர மீட்டர். விண்ட்சர்ஃபிங் (பாய்மரம் பொருத்திய பலகையில், அதாவது போர்டில், நின்று காற்றால் கடலில் ஓட்டும் விளையாட்டு) புதிதாகக் கற்பவரின் கை எதை நோக்கிப் போகும்? பெரியதைத்தான். காற்று கம்மி என்றால் பாய் பெரிதாக வேண்டும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தோன்றும் கணக்கு. அது பாதிதான் சரி. மீதிப் பாதி தெரியாமல் 7.5-ஐத் தூக்கிக்கொண்டு போகிறவர், அன்றைக்கெல்லாம் தண்ணீரில் விழுந்து எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கரையேறுவார்.

காற்று எவ்வளவு என்று பார்த்ததும் இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். இந்தக் காற்றில் போர்டு நீருக்கு மேலே எழும்பி வழுக்குமா, இல்லை நீரை விலக்கிக்கொண்டு மெதுவாக ஊருமா? எழும்பும் என்றால் பெரிய பாயில் அர்த்தம் இருக்கிறது. எழும்பாது என்றால் கூடுதல் பரப்பு எல்லாம் சுமைதான்.

சில சொற்களை முதலில் பார்த்துவிடலாம். பாயைத் தாங்கும் நெட்டு மரம் மாஸ்ட். கையால் பிடிக்கும் வளைந்த குறுக்குக் குழாய் பூம். (கட்டுமரத்தில் பாய் விரித்தே போன காலத்து மீனவர் பேச்சில், பாயைக் கட்டும் குறுக்குக் கம்புக்குப் பருமல் என்று பெயர், அந்தச் சொல்லை இங்கே கடன் வாங்கினால் தப்பில்லை.) பாயை மாஸ்டின் அடிநோக்கி இழுத்துக் கட்டும் கயிறு டவுன்ஹால். பூமின் பின்முனை நோக்கி இழுப்பது அவுட்ஹால். தண்ணீரில் கிடக்கும் பாயை நின்றபடி தூக்க உதவும் தடித்த கயிறு அப்ஹால். போர்டு நீரின் மேல் எழும்பி வழுக்குவது பிளேனிங். காற்றின் வேகத்தை நாட் என்ற அலகில் அளப்பார்கள். 1 நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர். இந்தக் கட்டுரையில் லேசான காற்று என்றால் 5 முதல் 12 நாட் வரை.

இங்கேயே ஒரு தப்பு நடக்கும். கைபேசியில் "காற்று 12" என்று பார்த்துவிட்டு நாட் என்று நினைத்துக்கொள்வார்கள். அது கிலோமீட்டராக இருந்தால் உண்மையில் ஆறரை நாட்தான். செயலியில் அலகு என்ன என்பதை ஒரு தடவை பார்த்து மாற்றிவைத்துவிடுங்கள். வானிலை அறிவிப்பில் வரும் வேகம் 10 மீட்டர் உயரத்துக்கானது என்பதும் நினைவிருக்கட்டும். உங்கள் பாயின் நடுப்பகுதி இருப்பது இரண்டு மீட்டர் உயரத்தில். திறந்த கடலிலேயே அங்கே வேகம் சுமார் 15 சதவீதம் குறையும். நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் அளப்பது கரையிலிருந்து தள்ளி, கட்டடங்களைத் தாண்டி வந்த காற்றை. திருவொற்றியூர்க் கரையில் நிற்கிறவருக்கு அந்த எண் ஒரு குறிப்பு, அவ்வளவுதான்.

ஒரு கிலோவுக்காக எவ்வளவு பாடு

காற்றின் வேகம் இரட்டித்தால் பாயில் விழும் விசை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். லேசான காற்றில் பாய் தேர்வு ஏன் இப்படி வழுக்கலாக இருக்கிறது என்பதற்கு இந்த ஒரு விஷயமே பதில்.

எண்களில் பாருங்கள். 5.5 சதுர மீட்டர் பாய் 6 நாட் காற்றில் தரும் இழுப்பு தோராயமாக 3 கிலோ எடைக்குச் சமம். 10 நாட்டில் அதே பாய் 9 கிலோ இழுக்கும். 14 நாட்டில் 17 கிலோ. இப்போது 7.5 பாயை எடுங்கள். 6 நாட்டில் நாலரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது இரண்டு சதுர மீட்டர் கூட்டியும் கிடைத்தது ஏறக்குறைய ஒரே ஒரு கிலோ இழுப்பு. அதற்காக மாஸ்ட் நீளம் கூடுகிறது, பூம் நீளம் கூடுகிறது, எல்லாம் சேர்த்துக் கையில் ஏறும் எடை இரண்டு மூன்று கிலோ. 14 நாட்டிலோ கதையே வேறு: 7.5 பாய் 24 கிலோ அளவுக்கு இழுக்கும். புதியவரைப் பூமோடு சேர்த்து முன்பக்கம் வீசி எறிய அது தாராளமாகப் போதும்.

ஆக, காற்று ரொம்பக் கம்மியான நேரத்தில் பெரிய பாய் உதவுவது கொஞ்சம். காற்று ஏறிவிட்டால் அது தரும் தொல்லை ரொம்ப அதிகம்.

ஊருவதும் வழுக்குவதும்

எந்த மிதவைக்கும், நீரை விலக்கிக்கொண்டு போகும்வரை ஒரு வேக வரம்பு உண்டு. அது நீளத்தைப் பொறுத்தது. போகும்போது முன்னால் எழுப்பும் அலையே அதற்குச் சுவராகி நிற்கும். 3 மீட்டர் நீளப் போர்டுக்கு இந்த வரம்பு 4 நாட்டுக்குச் சற்று மேலே, மணிக்கு 8 கிலோமீட்டர் போல. அதைத் தாண்ட வேண்டுமென்றால் போர்டு தன் அலையின் மேலேயே ஏறி, நீர்ப்பரப்பில் வழுக்க ஆரம்பிக்க வேண்டும். அதற்கு ஒரே நேரத்தில் பெரிய தள்ளு வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பாயைப் பெரிதாக்கினால் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூடும் என்று நினைக்கிறோம். இந்தச் சுவருக்கு முன்னால் அப்படி நடக்காது. ஏறினால் ஏறும், இல்லையென்றால் 4 நாட்டிலேயே முட்டிக்கொண்டு நிற்கும்.

வழுக்குவதற்கு எவ்வளவு பாய் வேண்டும் என்பதற்கு ஓர் அனுபவக் கணக்கு உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. உங்கள் எடையை கிலோவில் எடுத்து 1.34 ஆல் பெருக்குங்கள். வருவதைக் காற்றின் நாட்டால் வகுங்கள். கிடைப்பது சதுர மீட்டரில் பாய். 75 கிலோ ஆளுக்குப் பெருக்கல் 100 என்று முழுசாக வரும், அதனால் நினைவில் வைப்பது எளிது. 15 நாட்டில் 6.7. 12 நாட்டில் 8.4. 10 நாட்டில் 10. 7 நாட்டில் 14 என்று வரும். அந்த அளவில் விண்ட்சர்ஃபிங் பாயே தைப்பதில்லை. 60 கிலோ ஆளுக்குக் கொஞ்சம் இரக்கம்: 12 நாட்டில் 6.7, 10 நாட்டில் 8. 90 கிலோ ஆளுக்கு 12 நாட்டிலேயே 10 சதுர மீட்டர்.

இந்தக் கணக்கு தேர்ந்தவர்களுக்கானது. அகலமான போர்டு, சரியான ஃபின் (போர்டின் வாலுக்கு அடியில் இருக்கும் துடுப்பு), ஹார்னெஸில் (உடம்பைப் பூமோடு கொக்கி போட்டு மாட்டும் பட்டை) தொங்கத் தெரிந்த உடம்பு என்று எல்லாம் இருந்தால்தான் பலிக்கும். ஆனால் புதியவருக்கும் இது ஒன்றைச் சொல்கிறது: 10 நாட்டுக்குக் கீழே சாதாரண எடைக்காரர், சாதாரண ஃபின் போர்டில் வழுக்கப் போவதில்லை. எனவே அந்தக் காற்றில் வழுக்குவதற்காகப் பாய் தேர்வு செய்யாதீர்கள். ஊருவதற்குச் சுகமான பாயைத் தேர்வு செய்யுங்கள்.

ஊருவதைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. விண்ட்சர்ஃபர் எல்டி என்ற போர்டு 3.66 மீட்டர் நீளம்; அதில் பந்தயம் ஓட்டும் பெரியவர்கள் பயன்படுத்துவது 5.7 சதுர மீட்டர் பாய்தான். லேசான காற்றில் அவர்களை ஓட்டுவது நீளமான போர்டும், அதன் நடுவிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் டேகர்போர்டு என்ற பலகையும், கைத்திறனும். இன்னொரு கோடியில் ஐக்யூஃபாயில் இருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓடிய இந்த வகுப்பில் ஆண்களுக்கு 9, பெண்களுக்கு 8 சதுர மீட்டர். அங்கே போர்டுக்குக் கீழே இறக்கை வைத்த கால் இருக்கிறது, அது போர்டையே நீரிலிருந்து தூக்கிவிடும், 8 நாட் பக்கத்திலேயே பறக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதைக் காணொளியில் பார்த்துவிட்டு "அவங்க 9 போடுறாங்களே" என்று சாதாரணக் கற்கும் போர்டில் 9 மாட்டுவது, மாட்டு வண்டிக்கு லாரி சக்கரம் போடுவது மாதிரி.

தண்ணீர் சுமக்கும் பாய்

பெரிய பாயின் உண்மையான செலவு தெரிவது விழுந்த பிறகுதான். முதல் இரண்டு மூன்று நாள் விழுந்துகொண்டேதான் இருப்பீர்கள். ஒவ்வொரு தடவையும் போர்டின் மேல் ஏறி நின்று, அப்ஹால் கயிற்றைப் பிடித்துப் பாயைத் தூக்க வேண்டும். பாயின் மேல் தண்ணீர் நிற்கும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது 1 லிட்டர், 1 கிலோ. 5.5 பாயில் 1 சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் 55 கிலோ. 7.5 பாயில் 75 கிலோ. ஒரே இழுப்பில் தூக்கப் பார்க்கிறவர்களுக்கு முதுகு பிடித்துக்கொள்வது இதனால்தான்.

சரியான முறை இது: காற்று உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள். மாஸ்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கால். முட்டியைக் கொஞ்சம் மடக்கி, கையை நீட்டியே வைத்து, உடம்பைப் பின்னால் சாயுங்கள். பாயின் முன்விளிம்பு ஒரு சாண் எழும்பியதும் நிறுத்துங்கள். தண்ணீர் சரிந்து வடிய விடுங்கள், நாலைந்து வினாடி. பிறகு கயிற்றில் கைமாற்றி மாற்றி மேலே வாருங்கள். பாதிக்கு மேல் வந்ததும் பாய் லேசாகிவிடும், அப்போது வேகமாக இழுத்தால் நீங்களே பின்பக்கம் விழுவீர்கள். இது 5.5 பாயில் ஒரு மணி நேரத்தில் இருபது தடவை செய்யக்கூடிய வேலை. 7.5-இல் எட்டாவது தடவைக்கே கை நடுங்கும். கற்றல் நின்றுபோவது அங்கேதான். காற்றின் மேல் பழி போட முடியாது.

சரி, எத்தனை?

180 முதல் 220 லிட்டர் கொள்ளளவு, டேகர்போர்டு உள்ள அகலமான கற்கும் போர்டு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் எடையோடு 100-ஐக் கூட்டினால் வருவது குறைந்தபட்ச லிட்டர். போர்டு இதைவிடச் சிறியது என்றால் பாயைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை, முதலில் போர்டை மாற்றுங்கள். லேசான காற்றில் போர்டின் லிட்டர்தான் உங்களுக்கு நிற்க நேரம் கொடுக்கிறது.

முதல் இரண்டு நாளுக்கு, பெரியவர்கள் 4 முதல் 5 சதுர மீட்டர். 6 நாட் காற்றில் இது நத்தையாக ஊரும், ஊரட்டும். போர்டைத் திருப்பக் கற்றுக்கொள்வதுதான் அந்த இரண்டு நாளின் வேலை. அதற்குப் பிறகு 5 முதல் 10 நாட் காற்றுக்கு, 50 கிலோ பக்கம் இருப்பவர்கள் 4.5, 60 முதல் 75 கிலோவுக்கு 5 முதல் 5.5, 80-ஐத் தாண்டியவர்கள் 6 முதல் 6.5. முப்பது கிலோ பிள்ளைக்கு 2.5 அல்லது 3 போதும். அப்பாவின் பாயைச் சுருக்கிக் கொடுக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம், பிள்ளைகளுக்கான மாஸ்டும் பூமும் மெலிசாகவே வரும், கை பிடிக்க எட்டும்.

ஒரே ஒரு பாய் வாங்கப் போகிறேன் என்று கேட்டால் சராசரி எடைக்கு 5.5. கேம்பர் வேண்டாம். கேம்பர் என்பது பாயின் உள்ளே மாஸ்டைக் கவ்வி நிற்கும் பிளாஸ்டிக் துண்டு. லேசான காற்றில் பாயின் வடிவத்தைக் கலையாமல் வைத்திருக்கும் என்பது உண்மைதான், பந்தயக்காரர்கள் அதற்காகவே போடுகிறார்கள். ஆனால் மாஸ்ட் பக்கத்துப் பை அகலமாகி, தண்ணீரைக் குடித்துக் கனக்கும். அப்ஹால் கணக்கை இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

வடசென்னைக் கடற்கரையில் காற்று வரும் விதம்

கோடையில், பங்குனி முதல் வைகாசி வரை, காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். உச்சிவேளை நெருங்க அது செத்துப்போகும், கொஞ்ச நேரம் இலை அசையாது. பிறகு தென்கிழக்கிலிருந்து கடற்காற்று உள்ளே வரும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் கச்சான் வலுத்து நிற்பதால் கடற்காற்று இரண்டு மூன்று மணிக்குத்தான் எட்டிப் பார்க்கும், சில நாள் வரவே வராது. மார்கழி, தையில் வடகிழக்கு வாடை. ஐப்பசி, கார்த்திகையில் புதியவருக்குக் கடலில் வேலையில்லை.

இதில் பாய் அளவுக்கு நேரடியாகத் தொடர்புள்ள இரண்டு பொறிகள் இருக்கின்றன.

முதல் பொறி, கடற்காற்று ஏறும் வேகம். நீங்கள் கரையில் பாய் கட்டும்போது 7 நாட். "கம்மியா இருக்கே" என்று பெரியதைக் கட்டுகிறீர்கள். கட்டி முடித்து, போர்டைத் தூக்கி, தண்ணீருக்குள் போய் நிற்க முக்கால் மணி நேரம். அதற்குள் காற்று 13 நாட் ஆகியிருக்கும். இரண்டு மடங்குகூட இல்லையே என்று தோன்றும். விசைக் கணக்கில் அது ஏறக்குறைய மூன்றரை மடங்கு. அதனால் கோடை மதியத்தில் பாயைத் தேர்வு செய்வது இப்போதைய காற்றுக்கு அல்ல, ஒரு மணி நேரம் கழித்து வரப்போகும் காற்றுக்கு. கடலில் அங்கங்கே வெள்ளை நுரை தலைகாட்ட ஆரம்பித்தால் 8, 10 நாட் வந்துவிட்டது என்று அர்த்தம். எங்கு பார்த்தாலும் நுரை என்றால் 12-ஐத் தாண்டியாயிற்று, புதியவர் கரையேற வேண்டிய நேரம்.

இரண்டாவது பொறி, காலைநேர அமைதி. காற்று மேற்கிலிருந்து 6 நாட், கரையோரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி. பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் நம் கரை கிழக்கு பார்த்தது. மேற்குக் காற்று உங்களைக் கடலுக்குள்தான் தள்ளும். கரையோரத்தில் கட்டடங்கள் மறைப்பதால் கம்மியாகத் தெரியும் காற்று, இருநூறு மீட்டர் தள்ளிப் போனதும் கூடும். பெரிய பாயோடு போனவர் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டால், பாயைக் கழற்றிச் சுருட்டிப் போர்டின் மேல் வைத்து, படுத்துக்கொண்டு கையால் துழாவி வர வேண்டும். 4.5 பாயை அப்படிச் சுருட்டலாம். 8 சதுர மீட்டர் பாயை, 460 சென்டிமீட்டர் மாஸ்டோடு, ஆழ்கடலில் தனியாகச் சுருட்டுவது நடக்காத காரியம். மேற்குக் காற்றில் கற்பவர் இறங்கக் கூடாது என்பதில் எங்களுக்கு இரண்டு கருத்து கிடையாது.

எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்கள் அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைப் பார்த்துக் காற்றுத் திசை சொல்வதுண்டு. திசையின் போக்கு தெரியும், ஆனால் அது மிக உயரத்துக் காற்று. கடற்காற்று மெல்லிசாகக் கீழே நுழையும் நேரத்தில் மேலே புகை கடலை நோக்கியும் கீழே கொடி ஊரை நோக்கியும் போவது சாதாரணம். பாய்க்கு வேண்டியது கீழே இருக்கும் காற்று. கரையில் ஒரு குச்சியில் துணிக்கீற்றைக் கட்டித் தலைக்கு மேலே பிடித்துப் பாருங்கள், அதுவே மேல்.

இறங்கும் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரையின் பெரும்பகுதி அரிப்புத் தடுப்புப் பாறைகளும் கடலுக்குள் நீளும் கல்சுவர்களும்தான். பாறை மேல் 3 மீட்டர் போர்டோடு இறங்குவதை நினைக்கவே வேண்டாம். இடையிடையே மணல் இருக்கும் இடங்களில்கூட அலை கரையிலேயே உடைகிறது. அங்கே பாயின் நீளமான மாஸ்ட் தலைகீழாக மணலில் குத்தினால் அலை அதை முறித்துவிடும். பெரிய பாயின் மாஸ்ட் இன்னும் நீளம் என்பதால் இன்னும் சுலபமாக முறியும். எண்ணூர் முகத்துவாரத்தில் அலை இல்லை, ஆனால் ஓதம் ஏறி இறங்கும்போது நீரோட்டம் லேசான காற்றை வென்றுவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய் கலந்து அந்தக் கழிமுகம் பட்ட பாடும் ஊருக்கே தெரியும். துறைமுக எல்லைகளுக்குள் போவதும் கூடாது. மீட்புப் படகு வைத்திருக்கும் பயிற்சி இடத்தில் கற்றுக்கொண்டு, பாய் அளவை அங்கேயே பழகிக்கொண்டு, பிறகு நம் கரையைப் பற்றி யோசிப்பதே புத்திசாலித்தனம். கோவளம் வரை போக வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

அதே பாயைப் பெரிதாக்குவது

5.5 பாயை 6 போலவோ 5 போலவோ நடக்க வைக்க முடியும். கட்டும் விதத்தில் இருக்கிறது சூட்சுமம்.

பாயின் அடியில் இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். ஒன்று முன்விளிம்பு நீளம், இன்னொன்று பூம் நீளம். முன்விளிம்பு 448 என்று போட்டிருந்து, உங்கள் மாஸ்ட் 430 என்றால், அடியில் போடும் நீட்டிப்பு 18 சென்டிமீட்டர். இதை ஊகமாக வைத்தால் பாய் முழுக்கச் சுருக்கம் விழும், டவுன்ஹால் பாதியிலேயே முட்டி நிற்கும்.

காற்று கம்மி என்று டவுன்ஹாலைத் தளர்வாக விடுவதுதான் அதிகம் பார்க்கும் தவறு. பாய் நல்ல தொந்தியோடு இருந்தால் நிறையக் காற்றைப் பிடிக்கும் என்ற நினைப்பு. டவுன்ஹால் போதாதபோது தொந்தி பின்பக்கம் நகர்ந்துவிடும், இழுப்பு முழுக்கப் பின்கையில் விழும், பாய் கனமாகத் தெரியும், போர்டு காற்றை நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்கும். டவுன்ஹாலை முதலில் குறிப்பிட்ட அளவுக்கு இழுங்கள். லேசான காற்றுக்கு அதிலிருந்து 1 சென்டிமீட்டர், மிஞ்சினால் 2 சென்டிமீட்டர் விடலாம். தொந்தியைக் கூட்ட வேண்டியது அவுட்ஹாலில். பின்முனையில் கயிறு இழுபடாமல் சும்மா நேராக நிற்கும் நிலையிலிருந்து 1 சென்டிமீட்டர் இழுத்தால் போதும். காற்று ஏறினால் இன்னும் 2, 3 சென்டிமீட்டர் இழுங்கள், பாய் தட்டையாகி இழுப்பு குறையும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. காற்று 5 நாட்டுக்கும் கீழே போய்விட்டால் ஆழமான தொந்தி உதவாது. அவ்வளவு மெதுவான காற்று ஆழமான வளைவைச் சுற்றி ஒட்டிப் போகாமல் பிய்ந்துவிடும். அப்போது பாயைக் கொஞ்சம் தட்டையாக்குவதே நல்லது. தொடங்குபவர்கள் இதைக் கேட்டால் நம்ப மாட்டார்கள், செய்து பார்த்தால்தான் புரியும்.

பம்பிங் என்று ஒன்று. பாயைத் தாளத்தோடு தன்பக்கம் சுண்டி இழுத்து விடுவது. காத்தாடி விட்டவர்களுக்கு விளக்கவே வேண்டாம்: மொட்டை மாடியில் காற்று விழுந்ததும் நூலை நாலு சுண்டு சுண்டினால் காத்தாடி ஏறிக்கொள்ளும், கையை விட்டால் இறங்கும். அதே வேலைதான் இங்கேயும். மூன்று நாலு நீளமான இழுப்பு, இரண்டு கையும் சேர்ந்து, கால் போர்டைத் தள்ளாமல். காற்று ஒரு நொடி கூடும் நேரம் பார்த்துச் செய்ய வேண்டும், விழும் நேரத்தில் செய்தால் களைப்புதான் மிச்சம். 5.5 பாயை நன்றாகச் சுண்டத் தெரிந்தவர் 6.5-ஐச் சும்மா பிடித்து நிற்பவரை முந்துவார். பெரிய பாயைச் சுண்டவும் கஷ்டம்.

பூம் உயரம் தோளுக்கும் மோவாய்க்கும் இடையில். டேகர்போர்டு முழுக்க இறங்கியிருக்கட்டும். அது இல்லாமல் லேசான காற்றில் போர்டு பக்கவாட்டில் சறுக்கும், "பாய் பத்தலை" என்று தப்பாகத் தோன்றும்.

பாய் சொல்லும் குறிகள்

பாய் சிறியதாக இருந்தால்: லேசாகச் சாய்ந்து நின்றாலே தாங்காமல் நீங்கள் காற்று வரும் பக்கம் முதுகில் விழுவீர்கள். போர்டு நகர்ந்தாலும் திரும்பும்போது பாதியில் நின்றுவிடும். இதே குறி டேகர்போர்டு மேலே இருந்தாலும் வரும், எனவே முதலில் அதைப் பாருங்கள்.

பாய் பெரியதாக இருந்தால் குறிகள் வேறு. பின்கையை இழுத்துக் காற்றைப் பிடிக்கவே பயமாக இருக்கும், பிடித்தால் முன்னால் தூக்கிப் போடும். அதனால் பாயைப் பாதி திறந்தே ஓட்டுவீர்கள். பாதி திறந்த 7.5, முழுசாகப் பிடித்த 5.5-ஐ விட மெதுவாகப் போகும். அலை உருண்டு வரும் நாளில், காற்று விழுந்த நேரம், பெரிய பாய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊஞ்சலாடும், அதை நிறுத்திப் பிடிப்பதிலேயே தோள் போய்விடும். முன்கை மணிக்கட்டுக்கு மேலே இறுகி, கரையேறிய பிறகு தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை என்றால் அடுத்த நாள் ஒரு அளவு குறையுங்கள்.

இரண்டாவது பாய் எப்போது?

ஹார்னெஸில் தொங்கவும், இரண்டு பக்கமும் தடங்கலில்லாமல் திரும்பவும் வந்த பிறகு. அப்போது 12, 13 நாட் காற்று வழுக்கும் காற்றாக மாறும், 7 அல்லது 7.5-க்கு வேலை வரும். 5.5-க்கு அடுத்து 6 வாங்குவது வீண், வித்தியாசமே தெரியாது. ஒன்றரை, இரண்டு சதுர மீட்டர் இடைவெளி இருக்கட்டும். வாங்கும் முன் மூன்று விஷயம் பொருந்துகிறதா பாருங்கள். மாஸ்ட்: 5.5 பெரும்பாலும் 430-இல் நிற்கும், 7.5-க்கு 460 கேட்கும், 8.5-க்கு மேல் 490. பூம்: 160 முதல் 210 வரை நீளும் பூம் இரண்டு பாய்க்கும் போதும். ஃபின்: பெரிய பாயின் பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்க 44 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டும், இல்லாவிட்டால் போர்டின் வால் திடீரென்று வழுக்கி ஓடும். பாய் மட்டும் வாங்கிவிட்டு இந்த மூன்றையும் பிறகு வாங்குகிறவருக்குப் பாயின் விலையைவிட மற்றவற்றின் விலை கூடிவிடும்.

பழைய பாய் வாங்கினால் வெயில் பக்கமாகத் தூக்கிப் பிடியுங்கள். கண்ணாடித்தாள் மாதிரி இருக்கும் மோனோஃபிலிம் பகுதி மஞ்சளோடி, நகத்தால் மெல்ல மடக்கினால் வெள்ளைக் கோடு விழுந்து நின்றால், நம் ஊர் வெயிலில் அது இன்னொரு கோடை தாங்காது. துணியாகத் தைத்த கற்கும் பாய்கள் கனம் குறைவு, மடித்து வைக்கலாம், கிழிந்தால் பாய் தைக்கிறவரிடமே ஒட்டுப்போடலாம். தையல்களையும் டவுன்ஹால் கப்பியையும் பாருங்கள். உப்பு ஏறி உருளாத கப்பியில் எவ்வளவு இழுத்தாலும் பாய் குறிப்பிட்ட அளவுக்கு இறங்காது, பிறகு பாயின் அளவையே சந்தேகப்படுவீர்கள். ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, மாஸ்ட் பக்கமாகச் சுருட்டி வையுங்கள்.